பென்சில் கணக்கு

கப்பலூர் தாண்டி வேலிக்கருவை ஓரத்தில்
பதினோரு லாரிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.
ஏழுக்குப் புதுப் பெயின்ட்.
"சிங்கிள் ஓனர்ணே" என்றார் புரோக்கர் ஞானதிரவியம்.
பதினொன்றுக்கும் அதையே சொன்னார்.

பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வண்டி.
மேலூர்க் கல்லும் தூத்துக்குடி கன்டெய்னரும்
என் முதுகெலும்பை அளவெடுத்து வைத்திருக்கின்றன.
ஓட்டத் தெரியும்.
வாங்கத் தெரியாது.
ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் போதும்,
வாங்குகிறவன் அடியில் படுக்கவேண்டும்.

படுத்தேன்.

நீல டிரெய்லர் வண்டி.
சேஸில் ஒரு வெல்டிங் தழும்பு,
மேலே கருப்புப் பெயின்ட்
பவுடர் அப்பினதுபோல.
கிங்பின் உட்காரும் தட்டில் ஆட்டம்.
எழுந்து ரேடியேட்டரைத் தொட்டால், சுட்டது.
நாங்கள் வருமுன்னே உருட்டி வைத்திருக்கிறார்கள்,
காலை இருமல் கேட்காதிருக்க.

மைதீன் பிச்சை ஆயில் மூடியைக் கழற்றி
வாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார்.
ரேகையெல்லாம் ஈரப்புகை.
"எஞ்சினா இது? சாம்பிராணிச் சட்டி மாப்ளே.
அங்கிட்டு வா."

கடைசி வண்டி பின்னாலே நின்றது,
விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கும் பாய்போல.
நிறம் என்று எதையும் சொல்ல முடியாது.
கதவு தகரம், கண்ணாடியில் விரிசல்.
எனக்கு முன்னால் பஞ்சவர்ணம் கேபினுக்குள் ஏறினாள்.
அடகில் இருப்பது அவள் நகை,
ஏறாமல் என்ன?

வெயில் தடுக்கும் பலகையை இறக்கியவள்
"இங்க வாங்க" என்றாள்.

பின்பக்கம் முழுக்கப் பென்சில்.
தேதி, கிலோமீட்டர், லிட்டர்.
ஓசூர் லோடு, மூணே கால்.
ஆயில் மாத்தியாச்சு, ஃபில்டரும்.
ஏத்தத்தில் சூடு, பெல்ட் பார்க்கணும்.
பெல்ட் பார்த்தாச்சு.
இடது பின் டயர் ரீட்ரெட், நம்பாதே.

நம்பாதே என்று
யாருக்குச் சொல்லிக்கொண்டானோ.

கடைசி எண் ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரம்.
மீட்டர் காட்டியது மூன்று லட்சத்துத் தொண்ணூறு.
ஞானதிரவியம் போனை எடுத்துப் பார்த்தார்,
மணி அடிக்காத போனை.
"மீட்டர் ரிப்பேர்னு மாத்துனதுண்ணே."
"பென்சிலை மாத்தலையே" என்றாள் இவள்.

மைதீன் மறுபடி உள்ளங்கையைப் பிடித்தார்.
காய்ந்த கை.
"ஓடின வண்டிதான். ஆனா
பார்த்துப் பார்த்து ஓட்டிருக்கான்யா."

நான் கீழே வாசித்துக்கொண்டிருந்தேன்.
லோடு இல்லை.
லோடு இல்லை.
தேதி மட்டும், எதிரே ஒன்றுமில்லை.
அப்புறம் தேதியும் இல்லாமல்
குறுக்கே ஒரு கோடு.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும்
ஃபைனான்ஸ் கம்பெனி பெயர்.

வண்டி அவனைக் கைவிடவில்லை.
மூணே கால் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
தவணைத் தேதிக்கு முன்னால் லோடு வருமா என்று
எந்த ஸ்பேனர் தட்டிச் சொல்லும்?
வயிற்றில் என்னவோ இறங்கியது.
"வேணாமா?" என்றாள்.
பதில் சொல்ல வரவில்லை.
நீல வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.
அதில் யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்டி
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இறங்கினார் ஞானதிரவியம்.
"என்.ஓ.சி. வராம மிச்சப் பணம் கிடையாது"
என்றது நான் இல்லை.
"பலகையைத் துடைச்சுத் தரவா?" என்றார்.
"கைய வைக்காதீங்க"
என்றது நான்.

இருபத்தாறு நாள் கழித்து
திருமங்கலம் பங்கில் முதல் டீசல்.
பில்லை நாலாக மடித்து
சட்டைப்பையில் பத்திரமாக வைத்தேன்,
முதலாளியிடம் காட்ட.

பக்கத்து சீட்டிலிருந்து
பஞ்சவர்ணம் கை நீட்டினாள்.
அடுத்த கையில் பென்சில்.