பசை

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது:
அடுத்த மாதம் முதல்
அட்டைக்கென்று தனிக் கட்டணம் கூடாது.
மிலென்கா அதை எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே
ஓர் ஆணியில் குத்தினாள்.
சாயங்காலத்துக்குள் தாள் கண்ணாடியாகிவிட்டது.
எந்தப் பக்கம் நின்றாலும்
அரசாங்கம் தெரிந்தது.

ப்ளஃப் துறைமுகத்தில் மழைக்கு விடுப்பு இல்லை.
சிப்பிப் படகுகளிலிருந்து வருகிறவர்கள்
ஈரக் கையைத் துடைக்காமலே
கருவிக்கு அட்டையைக் காட்டுவார்கள்.
டிங்.
அந்த ஓசைக்குத்தான் நூற்றுக்கு இரண்டு,
யாரும் சுமக்காத சுமைக்கு ஒரு கூலி.
யாருக்குப் போகிறது என்றால்
வங்கிக்கு என்பாள் மிலென்கா.
வங்கியோ அட்டைக்காரனுக்கு என்கிறது.
அட்டைக்காரனை இந்த ஊரில் எவரும் பார்த்ததில்லை.
அவன் மீன் தின்பானா என்றுகூடத் தெரியாது.

தமாட்டி மட்டும் நோட்டாகத் தருவார்,
மீனும் சிப்ஸும் சரியாகப் பத்து டாலர்.
கருவியில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுண்டிவிட்டு
'உன் இருபது சென்ட் என் பையிலேயே தூங்கட்டும்'
என்பார், வெள்ளிதோறும்,
புதிதாகச் சொல்வதுபோல.

கெடு நாளன்று அறிவிப்பை உரித்தது நான்தான்.
செதில் சீவும் கத்தியால்.
தாள் வந்தது.
பசை வரவில்லை.
வெந்நீர், வினிகர், நகம்,
எதற்கும் அசையவில்லை.
மறுநாள் அதில் மாவும் தூசியும் ஏறி
அறிவிப்பின் அளவிலேயே ஒரு கறுப்புச் சதுரம்.

அன்றிரவு மிலென்கா ஏணி ஏறினாள்.
விலைப்பலகையில்
புள்ளியை அடுத்த பூஜ்யத்தைப் புறங்கையால் அழித்து
இரண்டு என்று எழுதினாள்.
'தனியாக வாங்காதே என்றார்கள்.
சேர்த்து வாங்கலாம்.'
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஏணியிலேயே நின்று
எண்ணெய் பில்லின் பின்பக்கத்தில்
ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள்,
வெகுநேரம்.

வெள்ளி வந்தது. தமாட்டியும், ஒற்றை நோட்டோடு.
பலகையைப் படித்தார்.
வழக்கமான இடத்தைச் சுண்டப் போனார்,
விரல் ஒட்டிக்கொண்டது.
பிய்த்தெடுத்து, கால்சட்டையில் தேய்த்து,
கோட்டின் உள்பை வரை துழாவி
ஓர் இருபது சென்டை
மேடையில் வைத்தார்.
பொட்டலத்தைத் தள்ளினேன். எடுக்கவில்லை.
பின்னால் ஆறு பேர்
அட்டையும் கையுமாக நின்றார்கள்.

'பிள்ளாய்,
காசு கொடுத்தாயிற்றே,
எனக்கும் ஒரு டிங் வேண்டும்.'

கருவியைப் பார்த்தேன்.
அது ரொக்கத்துக்கு வாய் திறக்காது.
ஆகவே நானே சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாக,
டிங்.