கால் நனைக்கும் தொட்டி

கொட்டகைக்குள் நுழையும் முன்
மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும்.
ஏழு வருசமாய் நனைக்கிறேன்.

புதுச்சத்திரம் தாண்டிய பண்ணையில்
கொட்டகைக்குப் பன்னிரண்டாயிரம் கோழி.
குஞ்சாய் இறங்கிய நாளிலிருந்து
கண்ணில் ஒரு சொட்டு, தண்ணீரில் ஒரு மூடி,
இறக்கையில் ஓர் ஊசி.
எல்லாம் நோய் வருமுன்.
அதற்கென்று எந்தக் குஞ்சும்
முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றதில்லை.

நான் நின்றேன்.
நாமக்கல் பெரியாஸ்பத்திரியில், தூணுக்குப் பின்னால்,
முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டு.
நாக்கில் தயிர் அப்பியதுபோல் வெள்ளை.
ரசம்கூட எரிந்தது.
மூன்று மாதத்தில் பதினோரு கிலோ.
"ஏனம்மணி, சர்க்கரையா?" என்றார்கள் ஊரில்.
சர்க்கரைதானுங்க என்றேன்.

போர்வண்டியில் சத்தீஸ்கர்வரை போனவர்
பத்து மைல் தள்ளியிருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு
கடைசிவரை வரவில்லை.
இருமியே போனார்.

ராசாமணி மேடம் சீட்டைத் திருப்பிக் காட்டினார்.
சிடி ஃபோர் நூற்றுப் பன்னிரண்டு.
"கிளுவை வேலி பொத்தலாப் போச்சுன்னு வெச்சுக்கங்க.
மறுபடி தழைய நாளாகும்.
அதுவரைக்கும் காவலுக்குத்தான் இந்தப் பெரிய வெள்ளை மாத்திரை."
வேலி போட எங்களுக்குக் காடு இருந்ததில்லை.
ஆனாலும் புரிந்தது.

ராத்திரி ஒன்று, வைரசுக்கு.
காலையில் அந்த வெள்ளை.
டிபி வராமலிருக்க ஆறு மாதம் இன்னொன்று,
அது கால் விரலை மரக்கச் செய்யாமலிருக்க ஒரு சின்னது.
காய்ச்சிய தண்ணீர்.
இருமுதுங்களா, காய்ச்சலுங்களா,
எடை குறையுதுங்களா, ராத்திரி வேர்க்குதுங்களா:
மாதாமாதம் அதே நாலு கேள்வி.

"எங்க வேலை?"
"கோழிப்பண்ணைங்க."
பேனா நின்றது.
"எச்சத்துத் தூசி ஆகாதுங்க. எண்ணிக்கை ஏறுறவரைக்கும்
உள்ள போகாதீங்க. வேற வேலை கேளுங்க."

சூப்பர்வைசர் பொன்னுவேலுவிடம்
தூசி அலர்ஜி என்றேன்.
முட்டை அடுக்க விட்டார்.
நாளுக்கு அறுபது ரூபாய் குறைவு.
அட்டைக்கு முப்பது முட்டை,
விரலில் படுவது இளஞ்சூடு,
எண்ணிக்கொண்டே இருந்தால் பயம் வருவதில்லை.

எட்டாம் மாதம் இருநூற்று நாற்பது.
வெள்ளை மாத்திரையை நிறுத்த இன்னும் ஏறணுமாம்.
நாக்கு சிவந்துவிட்டது.
பஸ் ஸ்டாண்டில் ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கி
முழுசாய்க் கடித்தேன்,
கண்ணீர் வடிய, யாரையும் பார்க்காமல்.

நேற்றுச் சாயங்காலம் பொன்னுவேலு
தொட்டியைத் தாண்டிக் குதித்து உள்ளே போனார்.
"நனைச்சுட்டுப் போங்க."
எனக்கே புதுசு அந்த அதட்டல்.
பாதி தூரம் போனவர்
ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து
இரண்டு காலையும் நனைத்தார்.