ஒத்தக் கண்ணு

போடியில் ஏலக்காய் மூன்று சல்லடை இறங்கும்.
எட்டு மில்லி மேலே நிற்கும், ஏழு நடுவில்,
மீதியெல்லாம் கீழே.
அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு வேலை:
பச்சை, இளம்பச்சை, வெளுத்தது, வெடித்தது.
ஒச்சம்மாவின் விரல்
எந்தக் காயையும் இரண்டாம் முறை தொடாது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
பி.எஸ்சி. இயற்பியல், அஞ்சல் வழி, இரண்டு அரியர்.
கரண்ட் போன ஒரு மாலை அவர்களிடம் சொன்னேன்:
நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில்
பெண்கள் வரிசையாக உட்கார்ந்து
கண்ணாடித் தகட்டில் நட்சத்திரம் பொறுக்கினார்கள்.
ஒளியைப் பட்டையாக விரித்து
குறுக்கே ஓடும் கருங்கோடுகளைப் பார்த்துத்
தரம் பிரித்தார்கள், லட்சக்கணக்கில்.
"கூலி?" என்றாள் ஒச்சம்மா.
மணிக்கு இருபத்தைந்து சென்ட்.
"டீ உண்டா?"
அது பாடப்புத்தகத்தில் இல்லை.

முதலில் ஏ, பி, சி என்று ஒழுங்காகத்தான் அடுக்கினார்கள்.
சூட்டை வைத்துப் பார்த்தபோது எழுத்துகள் இடம் மாறின,
சில காணாமலே போயின.
ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்.
நீலம்தான் கொதி. சிவப்பு அவ்வளவு சூடில்லை.
"பெருசா இருக்குன்னு நம்பக் கூடாது.
லிட்டர் எடை போட்டாத்தான் தெரியும்,
உள்ளே பதராவும் இருக்கும்" என்றாள்.
செம்பூத நட்சத்திரங்களைப் பற்றி
நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

தூரம் அதைவிடக் கஷ்டம்.
கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடினால்
விரல் மலைமேல் நகரும்.
ஜனவரியில் ஒரு கண், ஜூலையில் ஒரு கண்
என்று பூமியே மாறி நின்று பார்த்தும்
பக்கத்து நட்சத்திரங்கள்தான் மசிந்தன,
அதுவும் மயிரிழை.
மற்றவற்றுக்கு வெளிச்சமே அளவுகோல்.
எவ்வளவு எரியும் என்று தெரிந்த விளக்கு
நாலில் ஒரு பங்காக மங்கினால்
இரண்டு மடங்கு தள்ளி நிற்கிறது.

சனிக்கிழமை, சம்பள நாள்.
சாந்தன்பாறைக்குக் காய் எடுக்கப் போன ஜீப்புகள்
மெட்டிலிருந்து இறங்கிவிட்டன, ஒன்றைத் தவிர.
அதில்தான் ஒச்சம்மாவின் மகள் சிலம்பாயி.
மணி எட்டரை. போன் போகவில்லை.
குடோன் மாடியில் நின்றோம்.
மலையில் ஒரே ஒரு வெளிச்சம்.
இரண்டு விளக்கு ஒன்றாய்த் தெரிகிறதென்றால் தொலைவு;
இத்தனை மங்கல் என்றால் பன்னிரண்டாம் வளைவு.
"இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்"
என்றேன், படித்தவள்.

ஒச்சம்மா கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.
"அது பீர்முகமது வண்டி. ஒத்தக் கண்ணு.
முந்தல் தாண்டிருச்சு."
தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்ன விளக்கு என்று தெரியாதவளுக்குத் தூரம் தெரியாது.
அந்தப் பெரிய மனிதர்களுக்கும் நடந்ததுதான்.
துடிக்கும் நட்சத்திரங்களில் இரண்டு ரகம் என்று அறியாமல்
ஒரே கோலால் அளந்தார்கள்.
அறிந்தபோது
பிரபஞ்சம் இரண்டு மடங்கானது.
எனக்கு மலை சுருங்கியது.

சிலம்பாயி இறங்கி
கறை பிடித்த விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.
"மாடியிலயா நின்னீங்க? மேலேருந்து பார்த்தேன்,
மஞ்சளா, மினுக்குன்னு.
ஊரு இன்னும் எவ்வளவோ தூரம்னு நெனச்சு
அழுகையா வந்துச்சு."

பதினைந்து வாட்ஸ் பல்பு அது.
முதலாளியின் சிக்கனம்.