தவணை

காத்து பலமாக இருந்ததில்
நாலு குச்சி வீணாகி
ஐந்தாவதில்தான் பற்றியது மசோதா நகல்,
குடியாத்தம் பேருந்து நிலையத்தில்.
தனகோட்டி அடைத்த பெட்டியாகக்கூட இருக்கலாம்.

"உங்க வைத்தியத்துல கை வைக்கிற சட்டம்!"
மேடையில் இருந்தவர் கத்தினார்.
இவளும் தட்டினாள்,
பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு.

சட்டம் வரவில்லை.
சித்திரையில் ஏஜென்ட் துரைக்கண்ணு வந்தான்.
ஏழாயிரம் இருந்த இடத்தில்
பதினொண்ணு என்றான், ரசீது புத்தகத்தைப் பார்த்தபடி.
"கம்பெனி ஏத்திடுச்சுக்கா. இவ்ளோதான் ஏத்தலாம்னு
அந்தச் சட்டத்துல ஒரு வரி இருந்துச்சாம்."

கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோல்
பேசிப் பார்த்தாள்.

மூத்தவனுக்கு வேலூரில் டயாலிசிஸ்,
செவ்வாயும் வெள்ளியும்.
சின்னவன் பேரை அடிக்கச் சொன்னாள்:
"அவன் ஓடியாடுற பிள்ளைதானே."

துரைக்கண்ணு பேனாவை உதறினான்.
உதறிக்கொண்டே இருந்தான்.