கழுத்து

போன கிளினிக்கில் பொம்மையின் தலை
எமில்தாஸின் கையோடு வந்துவிட்டது.
பெண்கள் சிரித்தார்கள். நானும்தான், கொஞ்சம்.
அவன் சிரிக்கவில்லை.
தலையை மேசையில் வைத்துவிட்டு
வெளியே போய் மோட்டார்சைக்கிளில் இருந்துகொண்டான்.
முதல் பிள்ளை ஏழாம் நாள் போனதை
பதிவேட்டில் பிறகுதான் பார்த்தேன்.

இன்றிரவு உப்புவெளியில் கரண்ட் நிற்கவில்லை.
கேத்தில் கொதித்துத் தானே அடங்குகிறது.
அடுப்பில் வைத்துச் செய்யக்கூடாது இதை,
சட்டியின் அடி பட்டால் வைனில் உருகி ஒட்டும்.
கீழே இறக்கிய சட்டி, அதற்குள் மடித்த துவாய்,
கொதிநீர், ஒரு கோப்பை பச்சைத்தண்ணி.

பகலெல்லாம் தாய்மாருக்குச் சொல்கிறேன்:
முழங்கையை விட்டுப் பாருங்கோ,
உங்களுக்குப் பொறுக்காதது பிள்ளைக்கும் பொறுக்காது.
இந்தத் தண்ணீரில் என் முழங்கை
அரை நொடி நிற்காது.
கன்னியாவின் ஏழு கிணற்றில்
ஒன்றுகூட இப்படிச் சுடாது.

தலைமயிரைத் தொப்பிக்குள் முடிந்து
கழுத்து விளிம்பு மட்டும் நனைய
இடுக்கியால் பிடித்திருக்கிறேன்.
கண்ணுக்குள் இரும்புக் கம்பி,
தண்ணீர் போனால் கறள் பிடிக்கும்.
கை கொஞ்சம் சாய்ந்தால் இமை மூடுகிறது,
நிமிர்த்தினால் என்னைப் பார்க்கிறது.

மூன்று நிமிடம்.
முன்பு யாரோ பொறுமை இல்லாமல்
சூடு காட்டாமலே தள்ளியிருக்கிறார்கள்.
விளிம்பில் நகமளவு வெடிப்பு.
அதன்மேல் பிளாஸ்டர் சுற்றித்தான்
கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் தந்தார்கள்.

துணியால் பிடித்து எடுத்து
முதலில் உதறி வடிக்க வேண்டும்.
ஒருமுறை இதன் வலக்கையை மாட்டப்போய்
குழலுக்குள் நின்ற சுடுநீர்
என் மணிக்கட்டில் எழுதிவிட்டுப் போனது.

இப்போது விளிம்பு இணங்குகிறது.
ஒரு ஓரம் உள்ளே, பிறகு பெருவிரல்
சுற்றிச் சுற்றி அழுத்த, அழுத்த,
டப்.
ஆறும்வரை இழுத்துப் பார்க்கக்கூடாது.
இழுத்துப் பார்க்க வேண்டும்போலவே இருந்தது.
கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

செவ்வாய், சாம்பல்தீவு.
அவன் வேலிக்கு வெளியே, இஞ்சின் நிற்காமல்.
நான் கூப்பிடவில்லை.
ஜெனோவாதான் எட்டு மாத வயிற்றோடு போய்
சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு வந்தாள்.
சாவிக்குப் பின்னால் அவன்.

"கழராது" என்றேன்.
நம்பினானோ தெரியாது.
வலைக்கயிறு அறுத்த உள்ளங்கையை விரித்து
கழுத்துக்குக் கீழே கொடுத்தான்.
நிறை பார்த்து, அட்டை எழுதி,
திரிபோஷா வரிசையும் முடிந்து
பெண்கள் குடையை விரிக்கத் தொடங்கியபோதும்
பொம்மை அவனிடம்தான்.
கையை எடுக்கவில்லை.