மூன்றாம் தட்டு

திரியெஸ்தேயில் இன்று போரா.
மலையிலிருந்து இறங்கி
குப்பைத்தொட்டிகளைக் கடல்வரை ஓட்டிப்போகும் காற்று.
முன்பெல்லாம் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம்,
மனிதர் பிடித்து நடக்க.

நீவெஸ் வேலைக்கு வந்துவிட்டாள்.
தொப்பி மட்டும் வரவில்லை.

எலியின் மூளை, முந்திரிப்பருப்பளவு, உறைந்து கிடக்கிறது.
சீவுகிறாள்.
ஒரு சீவல் தாளில் பாதிகூடத் தடிமன் இல்லை.
தூரிகை நுனியில் ஏந்தி
உப்புநீரில் மிதக்கவிடுகிறாள்.

சாயம் ஒட்டுவது விஸ்டீரியா விதையின் புரதத்தால்.
அதே கொடிதான் ஏப்ரலில்
சான் வீத்தோ மதில்களில் ஊதாவாய்த் தொங்குவது.
நின்று படமெடுக்கிறவர்கள் யாருக்கும் தெரியாது,
அந்த விதைக்குள் இருப்பது
மூளையின் ஒருவகைச் சர்க்கரையைத் தேடிப்போய்
ஒட்டிக்கொள்ளும் என்று.
கொடிக்கும் தெரியாது.

விளக்கை அணைத்து, நுண்ணோக்கியில் குனிகிறாள்.
குழல் இரண்டு.
பார்ப்பது வலது கண் மட்டும்.

இருட்டிலிருந்து பச்சையாய் எழுகின்றன வலைகள்.
நரம்பணுவின் உடலைச் சுற்றிய பின்னல்
கிளைகளில் கொஞ்சதூரம் ஏறி
நின்றுவிடுகிறது.
கண்ணிக்குக் கண்ணி துளை,
துளைக்கு ஒன்றாய் அண்டை அணுவின் விரல்நுனி.
வந்த விரல் வந்ததுதான்.
புது விரலுக்கு இடமில்லை.

குட்டி எலிக்கு வலை கிடையாது.
ஐந்தாறு வாரத்தில், யாரும் சொல்லாமல்,
பின்னி முடிந்துவிடும்.

அவளுக்கு எப்போது முடிந்ததோ.
தவழும்போதே உள்பக்கம் சாய்ந்த இடது கண்;
"வளர்ந்தால் சரியாகும்" என்றார் டாக்டர்.
வளர்ந்தாள்.
பதினொன்றாம் வயதில்
நல்ல கண்ணை ஒட்டி மூடினார்கள், ஒரு குளிர்காலம் முழுக்க.
கதவில் இடித்தாள், பாலைக் கொட்டினாள்,
கணக்குப் புத்தகத்தில் கம்பளிப்பூச்சிகள் நெளிந்தன.
மார்ச்சில் பிரித்தபோதும் அதே கம்பளிப்பூச்சிகள்.
கண்ணில் குறையில்லை.
அதற்கான நிலத்தை
மூளை எப்போதோ அடுத்த கண்ணுக்கு
எழுதிக்கொடுத்திருந்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா
என்று தமிழ் கேட்கிறது.
வளைவதற்கும் வலைக்கும் நடுவில்
நாக்கு கொஞ்சம் மடங்கும் தூரம்தான்.

மூன்றாம் தட்டில் பச்சையே இல்லை.
பாக்டீரியாவிடம் கடன்வாங்கிய நொதி
சர்க்கரையைத் தின்றுவிட்டது.
இந்த எலிக்கும் ஒரு கண் சிறுவயதில் மூடியிருந்தது;
போன வாரம் அந்தக் கண்ணால்
அது கோடுகளைப் பிரித்தறிந்தது.

"உனக்கும் ஒரு சொட்டு விடட்டுமா?"
ரொட்டியைக் கடித்தபடி கேட்கிறான் துல்லியோ.
சிரிக்கிறாள்.

அப்புறம் சிரிப்பு நின்றுபோகிறது.
மாடி ஆய்வகத்தில்
மணியோசைக்கு நடுங்கப் பழகிய எலிகள்
வலை கரைந்தபின் அந்த நடுக்கத்தைச்
சுவடில்லாமல் மறக்கப் பழகின.
நல்லதுதான்.
மணியைத்தான் சோதித்தார்கள்.
கூடவே வேறென்ன போனது என்று
எலியிடம் யார் கேட்டார்கள்?

அம்மாவோடு ஸ்லோவேனியம், கடையில் இத்தாலியம்,
இருபது வருடமாய் ஒன்றில் ஒன்று சிந்தாமல்.
இருட்டிலும் தவறாத பதினேழு படிகள்.
கோபம் வரும்போது கீழே வைத்துவிடத் தெரிந்த கை.
எந்தத் துளையில் எந்த விரலோ.

ஆறு மணி.
நிறுத்தத்தில் எல்லோரும் இரும்புக் கம்பியைப் பிடித்து
ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள்.
அவள் ஒரு கையை எடுத்து
வலது கண்ணைப் பொத்திக்கொள்கிறாள்.

துறைமுக விளக்குகள் கம்பளியாகின்றன.
கடல், ஏதோ ஒரு கறுப்பு.
வெளிச்சக் கட்டியொன்று பெரிதாகி, பெருமூச்சுவிட்டு,
கதவு திறக்கிறது.
எண் தெரியவில்லை.

கையை எடுக்காமலே ஏறுகிறாள்.