எடை எவ்வளவு, தூரம் எவ்வளவு

பேட்டை யார்டில் போன் எடுப்பது நான்.
"கிரேன் வேணும்" என்பார்கள்,
ஒரு டீ வேணும் என்பது போல.
எடை எவ்வளவு அண்ணாச்சி?
தெரியாது.
எத்தனை அடி தள்ளி வைக்கணும்?
இங்கேருந்து அங்கே.
மேலே கரண்டுக் கம்பி போகுதா?
அப்போதுதான் தலை நிமிர்த்துவார் போல.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.

மூன்று வண்டி நிற்கிறது எங்களிடம்.
ஒன்று நீட்டுப் பூம்.
குழாய்க்குள்ளிருந்து குழாய் வந்துகொண்டே இருக்கும்,
வளையத் தெரியாது.
கங்கைகொண்டானில் பாய்லர் இறக்கியது,
டிரான்ஸ்பார்மர் வைத்தது எல்லாம் அது.
அடுத்தது மடக்கு. இரண்டு முழங்கை அதற்கு.
மேலப்பாளையம் சந்தில்
கேபிள் வயருக்கும் பால்கனிக்கும் நடுவே நுழைந்து
தண்ணித் தொட்டியை மாடியில் வைத்துவிட்டு
யார் வீட்டுத் துணியையும் தொடாமல் திரும்பும்.
முனைஞ்சிப்பட்டிக் கிணற்றில் எருமை விழுந்தபோதும்
அதைத்தான் அனுப்பினேன்.
எடை எவ்வளவு என்று கேட்டேன்.
"சினையா இருக்கும்மா" என்றார்.
அறுநூறு என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாளி வண்டி.
சரக்குத் தூக்காது, ஆளைத்தான்.
தெருவிளக்கு, விளம்பரப் பலகை,
ஜங்ஷன் பக்கம் கம்பியில் சாயும் வேப்பங்கிளை.
ரிஜிஸ்டரில் எடைக் கட்டத்தில்
அதற்கு மட்டும் பெயர் எழுதுவேன்:
ரீகன். சில நாள் ரீகன், காஜா.

மேசைக் கண்ணாடிக்கடியில் லோடு சார்ட்.
கிட்டத்தில் என்றால் பத்து டன்.
கை நீள நீள ஐந்து, இரண்டு,
கடைசியில் எழுநூறு கிலோ.
அதற்கப்பால் அச்சடித்தவன்
கட்டங்களைச் சும்மா விட்டிருக்கிறான்.
எங்கள் முதலாளிக்கு
அந்தக் காலிக் கட்டங்கள் மேல்தான் கண்.

ஆனி பிறந்து நாலாம் நாள்
நீட்டுப் பூம் பணகுடிக்குப் போனது.
காற்றாலைக்கு மாற்று இறக்கை,
டிரெய்லரிலிருந்து கீழே வைக்கணும், அவ்வளவுதான்.
மாடக்கண்ணு ஆப்பரேட்டர்,
கை காட்ட ரீகன்.
"கனமே இல்ல யக்கா, ரெண்டு டன்கூட வராது.
ஆனா அகலம்.
காத்து பிடிச்சா எங்களையும் சேத்து
ராதாபுரத்துல கொண்டுபோய்ப் போட்டுரும்."

எந்தக் காற்றை நம்பி
அந்தப் பொட்டலில் அத்தனை தூண் நட்டார்களோ
அந்தக் காற்றேதான் இறக்கையை இறக்கவிடவில்லை.
மூன்று நாள்.
ஜாக்கிக்கு அடியில் பனங்கட்டை வைத்து,
பூமைப் படுக்கப் போட்டு,
வண்டி நிழலில் இவர்கள் படுத்து,
மணிக்கொரு தரம் எனக்கு ஓர் எண்:
பதினாலு. பதிமூணு. மறுபடி பதினாறு.
பத்துக்குக் கீழே வராமல் தொடமாட்டான்.

"அடுத்த கம்பெனிக்காரன் தூக்குறானே,
இவனுக்கு மட்டும் என்ன?
தூக்கச் சொல்லும்மா" என்றார் முதலாளி.
"போன் எடுக்க மாட்டேங்கான் சார்" என்றேன்.
என் உள்ளங்கைக்குள் பொத்திய போனில்
மாடக்கண்ணு வடை தின்றுகொண்டிருந்தான்.

நேற்று ராத்திரி, மூணே கால் இருக்கும்.
"யக்கா, காத்து நின்னுட்டு."
வேறொன்றும் சொல்லவில்லை.
அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டிருக்கிறான்,
போன் பேசிக்கொண்டே இருந்தது:
ஜாக்கி இறங்கும் சீறல்,
சங்கிலி,
எங்கோ ஒரு நாய்,
ரீகனின் குரல், மேலே, மேலே, கொஞ்சூண்டு...

அந்த மூன்று வண்டியையும்
ஒருநாள்கூட நான் ஏறிப் பார்த்ததில்லை.
ஆனாலும் "நில்லு" என்று அவன் கத்தியதும்
பாயில் உட்கார்ந்திருந்த என் வலது கை
இருட்டில் உயர்ந்து, விரல் மடங்கி,
இறுகிக்கொண்டது.

இன்னும் இறக்கச் சொல்லவில்லை அவன்.